வருமுன் காத்தல்: இளைஞர் மனநோயும் முப்பது ஆண்டு ஆய்வும்

உடலை வாட்டும் நெடுநாள் நோய்களில் பெரும்பாலானவை நடுவயதைக் கடந்த பின்னரே மனிதனை நாடி வருகின்றன. சர்க்கரை நோயும் இதய நோயும் மூட்டு வலியும் அத்தகையவை. மனத்தைத் தாக்கும் நோய்களின் வழக்கம் வேறு. அவை இளமையிலேயே வந்துவிடுகின்றன. அமெரிக்காவில் நடைபெற்ற விரிவான கணக்கெடுப்பு ஒன்றின் அடிப்படையில் 2005-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. வாழ்நாளில் எப்போதேனும் மனநோய்க்கு ஆளாவோரில் பாதிப் பேருக்கு 14 வயதிற்குள்ளும், நான்கில் மூன்று பங்கினருக்கு 24 வயதிற்குள்ளும் அது தொடங்கிவிடுகிறது என்பது அந்த ஆய்வின் முடிவு.

படிப்பை முடித்துத் தொழில் தேடும் வயது அது. நட்பும் பொறுப்பும் வளர்ந்து, தன்னைப் பற்றியும் உலகைப் பற்றியும் ஒரு தெளிவு உருவாகும் வயதும் அதுவே. அந்த வயதில் மனம் நிலைகுலைந்தால் இழப்பு நோயின் அளவோடு நிற்பதில்லை. படிப்பு பாதியில் நிற்கிறது, நண்பர்கள் விலகுகின்றனர், பெற்றோர் தம் முதுமை வரை ஒரு கவலையைச் சுமக்கின்றனர். ஆகவே, 'இந்நோய்களை வருமுன் தடுக்க இயலுமா?' என்ற வினா மருத்துவர்களைப் போலவே, இளைஞர்களை வளர்க்கும் ஒவ்வோர் இல்லத்தாருக்கும் உரியது. இவ்வினாவுக்கு விடை தேடி ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக ஆய்வுகள் நடந்துள்ளன. அவை எதை உறுதிப்படுத்தின, எதை உறுதிப்படுத்தவில்லை என்று பகுத்து அறிவது பயனுடையது.

கடும் மனநோய் என்பது எது?

கவலையும் சோர்வும் எல்லா மனிதருக்கும் வருவன. கடும் மனநோய் என்று மருத்துவ உலகம் குறிப்பிடுவது பெரும்பாலும் ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோயையும், மிகை எழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோயையும் ஆகும். இவற்றுள் தடுப்பு ஆய்வு மிகுதியாக நடந்திருப்பது மனச்சிதைவு நோயிலும் அதனை ஒத்த மனப்பிறழ்வு நிலைகளிலும்தான்.

மனப்பிறழ்வு என்பது புற உலகின் உண்மையோடு மனம் கொண்டுள்ள தொடர்பு அறுபடும் நிலை. அருகில் எவரும் இல்லாதபோது குரல்கள் கேட்கின்றன. அயலார் தமக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்ற எண்ணம், எந்தச் சான்றாலும் அசைக்க முடியாத உறுதியாக மாறிவிடுகிறது. சிந்தனையின் கோவை அறுந்து பேச்சும் தொடர்பற்றுப் போகிறது. நோயுற்றவர் பொய் சொல்வதில்லை, நடிப்பதும் இல்லை. பிறர் பேசுவது நமக்குக் கேட்பதைப் போலவே அக்குரல் அவருக்குக் கேட்கிறது. இதனைப் புரிந்துகொண்டால் நோயாளியிடம் பிறர் கொள்ளும் கோபத்தில் பாதி குறைந்துவிடும்.

நம்பிக்கை இழந்த நூறு ஆண்டுகள்

ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரெப்பலின் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நோயைத் தனியாகப் பிரித்து விவரித்தார். இளமையிலேயே வரும் அறிவுச் சிதைவு என்று பொருள்படும் ஒரு லத்தீன் பெயரை அவர் அதற்கு வழங்கினார். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யூஜென் பிளாய்லர் 1908-இல் ஸ்கிசோஃப்ரினியா என்ற புதிய பெயரைத் தந்தார். பெயர் மாறினாலும், 'இந்நோய் வந்தவர் மேலும் மேலும் தேய்ந்துகொண்டே போவார்' என்ற எண்ணம் மருத்துவர்களிடையே நெடுங்காலம் நிலைத்திருந்தது. தேய்வது உறுதி என்றால் தடுப்பதைப் பற்றிய கேள்விக்கே இடமில்லை.

அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் செஸ்ட்நட் லாட்ஜ் என்ற புகழ்பெற்ற மருத்துவமனை இருந்தது. அங்கே உரையாடல் வழி மனச்சிகிச்சை பல்லாண்டுகள் மிகுந்த அக்கறையோடு அளிக்கப்பட்டது. அவ்வாறு சிகிச்சை பெற்றுச் சென்றவர்கள் பின்னர் எவ்வாறு வாழ்ந்தார்கள் என்று தாமஸ் மெக்கிளாஷன் என்ற மருத்துவர் ஆராய்ந்து 1984-இல் வெளியிட்டார். மனச்சிதைவு நோயாளிகளைப் பொறுத்தவரை முடிவுகள் ஏமாற்றமளித்தன. அதன் பின் அவரது ஆய்வு வேறு திசையில் சென்றது. சிகிச்சை நோயாளியிடம் வந்து சேர்ந்த காலம் பிந்திவிட்டதோ என்ற வினா எழுந்தது. தீ வீட்டின் கூரையைப் பற்றிய பின் நீர் இறைப்பவரின் திறமையைக் குறை கூறிப் பயன் என்ன? தீப்பொறி விழுந்தபோது அங்கே எவரேனும் இருந்தார்களா என்பதுதானே பார்க்கப்பட வேண்டும்?

விதையும் நிலமும்

தடுப்பைப் பற்றிப் பேசுமுன் காரணங்களைச் சுருக்கமாக அறிதல் வேண்டும். மரபுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. பொதுவாக ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு வரும் மனச்சிதைவு நோய், அந்நோயுற்றவரின் உடன்பிறந்தோரில் 100-க்கு 10 பேர் அளவுக்கு வரக்கூடும். ஆயினும் ஒத்த உருவ இரட்டையர்களில் ஒருவருக்கு நோய் இருந்தாலும் மற்றவருக்கு அது வரும் வாய்ப்பு பாதியளவை மிஞ்சுவதில்லை. இருவருடைய மரபுப் பொருளும் ஒன்றே. மரபே முழு விதியாக இருந்தால் அந்த வாய்ப்பு நூற்றுக்கு நூறாக அல்லவா இருக்க வேண்டும்? ஆக, விதை ஒன்றாக இருந்தும் முளைப்பதும் முளையாததும் நிலத்தையும் பருவத்தையும் பொறுத்திருக்கிறது.

அந்த நிலத்தைப் பற்றியும் சில செய்திகள் தெளிவாகியுள்ளன. குழந்தைப் பருவத்துக் கொடுமைகள், பேறுகாலச் சிக்கல்கள், வேரறுந்து வேற்றிடம் சென்று வாழும் தனிமை ஆகியவை வாய்ப்பைக் கூட்டுகின்றன. கஞ்சாவின் பங்கும் மறுக்க இயலாதது. ஸ்வீடனில் ராணுவப் பணிக்கு அழைக்கப்பட்ட 45,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1987-இல் வெளிவந்தது. பணிக்கு வருமுன் 50 தடவைக்கு மேல் கஞ்சா புகைத்திருந்தவர்களிடையே, அதனைத் தொடாதவர்களைக் காட்டிலும் மனச்சிதைவு நோய் 6 மடங்கு காணப்பட்டது. வேறு காரணங்களைக் கணக்கிலெடுத்தபோது அந்த வேறுபாடு குறைந்தது, முற்றிலும் மறையவில்லை.

பருவமும் முக்கியமானது. குழந்தையின் மூளையில் நரம்பணுக்களுக்கிடையே தேவைக்கு மேற்பட்ட இணைப்புகள் உருவாகின்றன. வளரிளம் பருவத்தில், தோட்டக்காரர் கிளைகளைக் கழித்து மரத்தைச் செம்மைப்படுத்துவது போல, பயன்படாத இணைப்புகளை மூளை களைந்துவிடுகிறது. இப்பணி இருபதுகளின் நடுப்பகுதி வரை நடைபெறுகிறது. இந்தக் கழித்தல் அளவு மீறிப் போவது நோய்க்கு ஒரு காரணமாகலாம் என்ற கருத்தை இர்வின் ஃபைன்பெர்க் 1982-இல் முன்வைத்தார். நோய் ஏன் அந்த வயதில் தலைகாட்டுகிறது என்பதற்கு இன்றளவும் ஆராயப்படும் விளக்கங்களுள் அது ஒன்று.

தாமதம் என்னும் தீங்கு

நோய் தெளிவாக வெளிப்பட்ட நாளுக்கும் தகுந்த சிகிச்சை தொடங்கும் நாளுக்கும் இடையே எவ்வளவு காலம் கழிகிறது? ஆய்வாளர்கள் இதனைக் கவனமாக அளக்கத் தொடங்கியபோது அதிர்ச்சியே மிஞ்சியது. மருத்துவ வசதி மிகுந்த அமெரிக்காவில், 21 மாநிலங்களில் முதன்முறையாக மனப்பிறழ்வுக்குச் சிகிச்சை பெற வந்த 404 பேரை ஆராய்ந்தனர். அவர்களில் பாதிப் பேர் 74 வாரங்களோ அதற்கும் கூடுதலாகவோ சிகிச்சையின்றி இருந்திருக்கிறார்கள். ஒன்றரை ஆண்டுக்கு அருகில்! இந்தக் காலம் நீள நீளக் குணமடைதல் கடினமாகிறது என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் காணப்பட்ட செய்தி.

இந்தத் தாமதத்தைக் குறைக்க முடியும் என்று செயலில் காட்டியது நார்வே நாட்டின் ஸ்டாவாங்கர் நகரம். 1997 முதல் 2000 வரை அந்நகரைச் சூழ்ந்த ரோகலாண்ட் மாவட்டத்தில் ஒரு முயற்சி நடந்தது. மெக்கிளாஷனும் அதில் பங்கு கொண்டார். செய்தித்தாள்களிலும் வானொலியிலும் திரையரங்குகளிலும் மனப்பிறழ்வின் தொடக்க அறிகுறிகள் எளிய மொழியில் விளக்கப்பட்டன. பள்ளி ஆசிரியர்களுக்கும் குடும்ப மருத்துவர்களுக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. ஐயம் ஏற்பட்ட எவரும் தொலைபேசியில் நேரடியாக அழைக்கலாம். மருத்துவக் குழு விரைவில் வந்து பார்க்கும். அதற்கு முன் 26 வாரங்களாக இருந்த தாமதத்தின் இடைநிலை அளவு 5 வாரங்களாகக் குறைந்தது.

இதன் பின் நிகழ்ந்தது மேலும் கருத்தூன்றிப் பார்க்கத்தக்கது. அந்தப் பொது விளம்பரம் நிறுத்தப்பட்டது. மருத்துவக் குழு மட்டும் முன்போலவே தொடர்ந்து பணியாற்றியது. தாமதம் மீண்டும் 15 வாரங்களாக உயர்ந்தது. மருத்துவரும் மருந்தும் இருந்தும், மக்களிடம் அறிவு குன்றியபோது நோயாளி வந்து சேரவில்லை. பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, முயற்சி நடந்த பகுதியில் 100-க்கு ஏறத்தாழ 31 பேர் முழுமையாக மீண்டு வேலையும் வாழ்வும் பெற்றிருந்தனர். ஒப்பிடப்பட்ட பிற பகுதிகளில் அவ்வாறு மீண்டவர்கள் 15 பேர் மட்டுமே. 2012-இல் இந்த முடிவு வெளியானது.

நோய்க்கு முன்னரே அறிய இயலுமா?

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் பேட்ரிக் மெக்கோரியும் உடன் பணியாற்றியோரும் இன்னும் ஒரு படி முன்னே செல்ல முயன்றனர். 1992-இல் முதல் மனப்பிறழ்வுக்கென்றே ஒரு சிகிச்சை மையத்தை அவர்கள் தொடங்கினர். நோய் வெளிப்படுமுன் வரும் இளைஞர்களுக்காக 1994-இல் மற்றொரு மையம் ஏற்பட்டது. மருத்துவமனை என்ற தோற்றமே இளைஞர்களை அச்சுறுத்தும் என்பதால், மருத்துவமனைக்கு வெளியே இளைஞர் எளிதில் வந்துபோகும் இடத்தில் அது அமைந்தது.

யாருக்கு ஆபத்து மிகுதி என்று கண்டறிய அலிசன் யங் முதலானோர் மூன்று அடையாளங்களை வகுத்தனர். முதலாவது, நோயின் அறிகுறிகள் மங்கிய வடிவில் தோன்றுவது: தன் பெயரை யாரோ அழைப்பது போலக் கேட்கிறது, ஆனால் அது மனத்தின் மயக்கமாக இருக்கலாம் என்ற ஐயமும் உடன் இருக்கிறது. இரண்டாவது, தெளிவான அறிகுறிகள் சில நாள் மட்டும் வந்து தாமாகவே மறைவது. மூன்றாவது, நெருங்கிய உறவில் நோய் இருந்து, அண்மைக் காலத்தில் படிப்பிலும் அன்றாடச் செயலிலும் பெரும் சரிவு ஏற்படுவது. தொடக்க ஆய்வு ஒன்றில், இவ்வாறு அடையாளம் காணப்பட்ட 49 பேரில் ஓராண்டுக்குள் 100-க்கு 40 பேர் என்ற அளவில் நோய்க்கு ஆளாயினர்.

2002-இல் முதல் தடுப்பு ஆய்வின் முடிவு வந்தது. குலுக்கல் முறையில் 59 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். 31 பேருக்குக் குறைந்த அளவு மருந்தும் சிந்தனைப் பயிற்சிச் சிகிச்சையும், 28 பேருக்கு வழக்கமான ஆதரவும் ஆறு மாதம் அளிக்கப்பட்டன. ஆறாம் மாத முடிவில் முதற் பிரிவில் 3 பேருக்கும் இரண்டாம் பிரிவில் 10 பேருக்கும் நோய் வெளிப்பட்டது. சிகிச்சை நின்ற பின் முதற் பிரிவில் மேலும் 3 பேர் நோயுற்றனர். ஓராண்டின் முடிவில் இரு பிரிவுக்கும் இடையே உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. நோய் தள்ளிப் போடப்பட்டதா, தடுக்கப்பட்டதா என்ற கேள்வி எஞ்சி நின்றது.

வியன்னாவில் பால் அம்மிங்கர் நடத்திய ஆய்வு 2010-இல் பெரும் நம்பிக்கையைத் தூண்டியது. 81 பேரில் ஒரு பிரிவினருக்கு மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு 12 வாரங்கள் கொடுக்கப்பட்டது. ஓராண்டில் அவர்கள் 41 பேரில் 2 பேரும், வெற்று மாத்திரை பெற்ற 40 பேரில் 11 பேரும் நோயுற்றனர். பக்க விளைவு ஏதுமற்ற எளிய உணவுப்பொருள்! உலகெங்கும் மகிழ்ச்சி பரவியது. ஆனால் அதே ஆய்வை மூன்று கண்டங்களின் 10 மையங்களில் 304 பேரிடம் விரிவாக நடத்தி 2017-இல் வெளியிட்டபோது, இரு பிரிவுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. முதல் ஆய்வை நடத்தியவர்களே இரண்டாம் ஆய்விலும் பங்கேற்று, தம் நம்பிக்கைக்கு மாறான முடிவை மறைக்காமல் வெளியிட்டனர். உண்மையை நாடுபவர் ஒவ்வொருவரும் கைக்கொள்ள வேண்டிய ஒழுக்கம் இது.

அந்த இரண்டாம் ஆய்வில் மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. எண்ணெய் பெற்றவர், பெறாதவர் ஆகிய இரு பிரிவினருக்கும் ஆலோசகரின் தொடர்ந்த துணை கிடைத்தது. இரு பிரிவிலுமே நோயுற்றவர் எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. 2018-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, தடுப்புக்காக முயன்ற சிகிச்சைகளில் ஒன்று மற்றொன்றைவிட மேலானது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றே கூறியது.

புகையும் பனியும்

மலையில் புகையைக் கண்டு அங்கே தீ இருப்பதை ஊகித்தறிவது நம் தருக்க நூலார் காட்டும் பழைய எடுத்துக்காட்டு. புகை எங்கே உண்டோ அங்கே தீயும் உண்டு என்ற மாறாத உடன்நிகழ்ச்சி இருந்தால்தான் அந்த ஊகம் செல்லும். காலைப் பனியைப் புகை என்று மயங்கினால் ஊகம் பொய்த்துவிடும் என்றும் அவர்கள் எச்சரித்தனர். மனநோயின் முன்னறிகுறிகளைப் பற்றிய ஆய்வு இந்த இடத்தில்தான் நிற்கிறது.

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வெளியான கணக்கின்படி, ஆபத்து மிகுந்தவர் என்று நிபுணர்களால் அடையாளம் காணப்பட்டவர்களில் ஓராண்டில் 100-க்கு 22 பேரும், மூன்று ஆண்டுகளில் 36 பேரும் நோயுற்றனர். பின்னர் வந்த தொகுப்பாய்வு மூன்று ஆண்டுகளில் 25 பேர் என்கிறது. அதாவது, தேர்ந்த மருத்துவர் புகை என்று கண்டவற்றிலும் பெரும்பகுதி பனியாகவே இருந்திருக்கிறது. அவர்கள் எல்லோருக்கும் மருந்து கொடுத்தால், நோய் வரவே போகாத இளைஞர்கள் பலர் உடல் எடை கூடுதல், சர்க்கரை மிகுதல், மந்தம் ஆகியவற்றுக்கு ஆளாவர். 'மனநோயாளி ஆகப் போகிறவன்' என்ற முத்திரை அவர்கள் நெற்றியில் குத்தப்படும். திருமணத்திலும் வேலையிலும் அந்த முத்திரை என்ன செய்யும் என்பது எல்லோரும் அறிந்ததே. இக்காரணங்களால்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய்ப் பட்டியலில் இந்நிலையை முழு நோயாக ஏற்காமல், மேலும் ஆராய வேண்டியவற்றோடு சேர்த்தது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நெறிகளும் 2014-இல், ஆபத்து நிலையில் மட்டும் உள்ளவருக்கு மனப்பிறழ்வுக்கான மருந்துகளைத் தடுப்புக்காகத் தர வேண்டாம் என்றும், உரையாடல் வழிச் சிகிச்சையை அளிக்கலாம் என்றும் கூறின.

அப்படியானால் முன்னறிகுறிகளைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடலாமா? அதுவும் தவறு. அந்த மையங்களுக்கு வந்த இளைஞர்கள் எதிர்கால நோயைப் பற்றிய கணக்கோடு வரவில்லை. தூக்கம் கெட்டும், படிப்பு சரிந்தும், பயமும் சோர்வும் மிகுந்தும் அன்றைய துன்பத்தோடு வந்தவர்கள். மனப்பிறழ்வு வராதவர்களில் பலருக்கும் பதற்றமும் மனச்சோர்வும் தொடரத்தான் செய்தன. ஆகவே அறிஞர்கள் இன்று கொள்ளும் வழி இது: நாளை வரலாம் என்று அஞ்சும் நோய்க்காக இன்று மருந்து தர வேண்டாம், இன்று இருக்கும் துன்பத்தை இன்றே கவனிக்க வேண்டும், அந்த இளைஞனின் கையை விடாமல் உடன் நடக்க வேண்டும். பனியாயின் அது விலகும். தீயாயின் அதனை முதலில் காண்பவர் அருகிலேயே இருப்பார்.

சிறப்பு மையங்களால் மட்டும் ஆகாது

தென் லண்டனில் இத்தகைய மையம் நன்கு இயங்கிவந்தது. அப்பகுதியில் முதன்முறை மனப்பிறழ்வுக்கு ஆளானவர்களில் எத்தனை பேர் முன்னதாக அந்த மையத்தை நாடியிருந்தனர் என்று 2017-இல் கணக்கிட்டனர். 100-க்கு 4 பேர்தான். மற்றவர்களுடைய துன்பத்தின் தொடக்கம் வீட்டிலோ பள்ளியிலோ நிகழ்ந்து, யார் கண்ணிலும் படாமல் போயிற்று.

எனவே தடுப்பு வீட்டிலும் பள்ளியிலும் தொடங்க வேண்டும். இதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் 70-க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2018-இல் வெளியானது. பள்ளியின் சூழலையே அன்பும் பங்கேற்பும் உள்ளதாக மாற்றும் பணி, சில பள்ளிகளில் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களிடமும், சிலவற்றில் ஆசிரியர்களிடமும் ஒப்படைக்கப்பட்டது. ஆலோசகர் பணியாற்றிய பள்ளிகளில் மாணவரின் மனச்சோர்வும் ஒருவரை ஒருவர் துன்புறுத்தும் வழக்கமும் குறைந்தன. ஆசிரியரிடம் ஒப்படைத்த பள்ளிகளில் அப்பலன் கிட்டவில்லை. அந்த ஆலோசகர்கள் மருத்துவர்கள் அல்லர். மாணவரின் குரலைக் கேட்பதையே முழு வேலையாகக் கொண்டவர்கள்.

இந்தியக் குடும்பம் என்னும் வலிமை

பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, கடும் மனநோய் உள்ளவர்களில் நான்கில் மூன்று பேருக்குச் சிகிச்சை சென்று சேரவில்லை என்று காட்டியது. மருத்துவர் பற்றாக்குறை இதற்கு ஒரு காரணம். அச்சமும் மறைப்பும் மற்றொரு காரணம். மறைப்பின் முடிவு எவ்வளவு கொடியதாக இருக்கக்கூடும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் மாண்ட துயரம் நாட்டுக்கே உணர்த்தியது.

எனினும் நம் நாட்டிடம் ஒரு செல்வமும் உண்டு. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் குடும்பத்தினரை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கச் செய்தார். உறவினர் உடனிருந்து நோயைப் புரிந்துகொண்டதால், நோயாளிகள் விரைவில் குணமடைந்து வீடு திரும்பினர். இந்த அனுபவத்தின் உண்மையை அண்மைக்கால ஆய்வும் காட்டுகிறது. சென்னையில் 1984-இல் டாக்டர் சாரதா மேனன் நிறுவிய மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனமும், கனடாவின் மான்ட்ரியல் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகமும் இணைந்து, முதல் மனப்பிறழ்வுக்கு ஆளான இளைஞர்களை இரு நகரங்களிலும் ஒரே முறையில் சிகிச்சை அளித்து ஈராண்டுகள் கவனித்தன. 2020-இல் முடிவுகள் வெளியாயின. மாயக்குரல் போன்றவை இரு நகரிலும் ஒரே அளவில் குறைந்தன. ஊக்கமின்மை, உணர்ச்சி மங்குதல், ஒதுங்குதல் ஆகியவை சென்னையில் மேலும் நன்றாகக் குறைந்தன. சென்னைக் குடும்பங்கள் சிகிச்சைக் குழுவோடு கொண்டிருந்த தொடர்பு மிகவும் நெருக்கமானது. செல்வமும் வசதியும் மிகுந்த நகரால் எட்ட முடியாத ஒரு பலனை, உடன் நிற்கும் குடும்பங்களைக் கொண்ட நகரம் எட்டியது.

பக்தியா, நோயா?

ஆன்மிகச் சூழலில் வாழும் இல்லங்களில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நோயின் தொடக்கத்தில் சில இளைஞர்கள் திடீரெனச் சமய நாட்டம் மிகுந்தவர்களாகத் தோன்றுவர். இறைவன் தம்மிடம் நேராகப் பேசுவதாகவும், உலகைக் காக்கத் தாமே தேர்ந்தெடுக்கப்பட்டதாகவும் கூறுவர். வீட்டார் சிலர் அதனைப் பக்தி என்று மகிழ்கின்றனர். சிலர் பேய் பிடித்ததென்று மந்திரவாதியை நாடுகின்றனர். இரண்டிலும் காலம் கழிகிறது.

இதனைப் பிரித்தறிய ஓர் எளிய உரைகல் உண்டு. மெய்யான பக்தி ஒருவனது தூக்கத்தையும் உணவையும் நெடுநாள் குலைப்பதில்லை. கடமையில் தெளிவையும், பிறரிடம் கனிவையும், தன்னைப் பற்றிய அடக்கத்தையும் அது வளர்க்கிறது. நோயோ அச்சத்தையும் ஐயத்தையும் வளர்க்கிறது, அன்றாடச் செயல்களைச் சிதைக்கிறது, உறவுகளிலிருந்து பிரிக்கிறது. ஐயம் வரும் இடத்தில் மருத்துவரை நாடுவது இறைநம்பிக்கைக் குறைவு ஆகாது. மேலும், உறக்கத்தையும் உணவையும் சுருக்கி நாள் முழுதும் நடைபெறும் தீவிரத் தியான முகாம்களில் மனப்பிறழ்வு வெளிப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. முன்னறிகுறி உள்ளவர்களையும், முன்பு நோயுற்றவர்களையும் மருத்துவரின் அறிவுரையின்றி அத்தகைய முகாம்களுக்கு அனுப்புதல் கூடாது. அவர்களுக்கு எளிய வழிபாடு, கூட்டுப் பாடல், உடலுழைப்போடு கூடிய தொண்டு ஆகியவை பொருந்தும்.

பெற்றோரும் ஆசிரியரும் கருத்தில் கொள்ள வேண்டியவை

1. ஒரு நாளின் சினமோ ஒரு தேர்வின் தோல்வியோ நோயின் அறிகுறி ஆகாது. பல வாரங்கள் நீடிக்கும் மாற்றமே கவனத்திற்குரியது: இரவு பகல் மாறிய தூக்கம், நண்பர்களைத் தவிர்த்தல், நன்றாகப் படித்தவரின் திடீர்ச் சரிவு, குளிப்பதிலும் உடுப்பதிலும் அக்கறையின்மை, காரணமற்ற சந்தேகம், தனக்குத்தானே பேசிச் சிரித்தல்.

2. வினவும்போது குற்றவிசாரணை போல வினவக் கூடாது. 'குரல் எதுவும் கேட்கவில்லை, எல்லாம் கற்பனை' என்று வாதிடுவதும் பயன் தராது. 'அது உனக்கு அச்சமாக இருக்கிறதா? தூங்க முடிகிறதா?' என்று அவருடைய துன்பத்தைக் கேட்பதே கதவைத் திறக்கும்.

3. கஞ்சாவும் பிற போதைப் பொருள்களும் மனத்தை விரிவாக்கும் என்ற பேச்சை இளைஞர்கள் நம்பாதவாறு உண்மையை எடுத்துரைக்க வேண்டும். குடும்பத்தில் எவருக்கேனும் கடும் மனநோய் இருந்திருந்தால் இது இரு மடங்கு முக்கியம்.

4. தற்கொலை பற்றிய சொல் ஒன்று வெளிப்பட்டாலும், அல்லது கேட்கும் குரல் தீங்கு செய்யக் கட்டளையிட்டாலும், மறுநாள் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்; தனியே விடக் கூடாது.

5. உதவி பெறும் வழியை முன்னரே அறிந்துவைத்திருக்க வேண்டும். 1996-இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாக அரசு மாவட்ட மருத்துவமனைகளில் மனநல மருத்துவம் கிடைக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் அழைத்து, தாய்மொழியிலேயே ஆலோசனை பெறலாம்.

6. மருத்துவர் மருந்து அளித்தால், சற்றுக் குணம் தெரிந்தவுடன் வீட்டாரே அதனை நிறுத்திவிடக் கூடாது. ஐயங்களை மருத்துவரிடமே கேட்டுத் தெளிய வேண்டும். நோய் எவருடைய வளர்ப்புக் குறையாலும் வந்ததன்று. பெற்றோர் தம்மையே நொந்துகொள்ள வேண்டியதில்லை.

முப்பது ஆண்டு ஆய்வு நோயை முற்றிலும் தடுக்கும் மருந்தைத் தந்துவிடவில்லை. அதற்கு மாறாக, எல்லோராலும் செய்யக்கூடிய ஒன்றை அது உறுதிப்படுத்தியுள்ளது. தொடக்கத்திலேயே வந்தவர்களுக்கு மருத்துவமும் ஆலோசனையும் குடும்பப் பயிற்சியும் கல்வி, வேலைக்கான உதவியும் ஒருங்கே அளித்தால், வழக்கமான சிகிச்சையைவிட எல்லா வகையிலும் நன்மை கூடுகிறது என்று, 10 ஆய்வுகளைத் தொகுத்த 2018-ஆம் ஆண்டு ஆய்வு காட்டுகிறது. அந்தத் தொடக்கத்தைக் காண்பதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. ஸ்டாவாங்கர் நகரில் 26 வாரங்களை 5 வாரங்களாக்கியது, பொதுமக்கள் ஒரு சில செய்திகளை அறிந்திருந்ததுதான். ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடாமல் அறைக்குள்ளேயே இருக்கும் மகனைப் பற்றி, அண்டை வீட்டார் என்ன சொல்வார்களோ என்று எண்ணாமல் உரியவரிடம் கேட்கத் துணியும் தாய், அந்த நகரம் செய்த பணியைத் தன் வீட்டில் செய்கிறாள்.